ஏழாம் அத்தியாயம்: கிழங்கின் காயமும் அது ஆறும் முறையும்

மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி அணையின் ஓரமாக ஏறி, குண்டளை ஏரியைக் கடந்து, டாப் ஸ்டேஷன் வழியாகப் பாம்பாடும் சோலைக்குள் புகுந்து வெளிப்படும் பாதை, தேயிலைத் தோட்டங்களை முற்றிலும் பின்னே விட்டு, படிப்படியாகத் திருத்தப்பட்ட காய்கறி வயல்களின் நடுவே வந்து சேருமிடம் வட்டவடையாகும். கேரள எல்லைக்குள் இருந்தும் தமிழையே வீட்டுமொழியாகக் கொண்ட வட்டவடை, கோவிலூர், கொட்டாக்கம்பூர் முதலிய ஊர்களிலும், மறையூருக்கு மேலுள்ள காந்தளூரிலும், வெள்ளைப்பூண்டு, காரட், கோஸ், பீன்ஸ் ஆகியவற்றோடு உருளைக்கிழங்கையும் விளைவிப்பது நெடுநாளைய வழக்கம். விதை தேர்தல், மண் அணைத்தல், கருகல் நோயைத் தடுத்தல் ஆகிய வேலைகளை முன் அத்தியாயங்களில் பார்த்தோம். கிழங்கு மண்ணை விட்டு வெளியேறிய பிற்பாடு அதற்கு நேர்வதென்ன என்பதும், அப்போது நாம் செய்யவேண்டியதும் செய்யக்கூடாததும் யாவை என்பதும் இவ்வத்தியாயத்தின் விஷயமாகும்.

தோண்டும்போது மண்வெட்டியின் முனை பட்டுச் சில கிழங்குகள் வெட்டுண்பதும், கூடையிலிருந்து குவியலில் கொட்டும்போது சில சிராய்ப்பதும், தோல் முற்றாத கிழங்குகள் கை பட்ட மாத்திரத்திலேயே உரிந்துபோவதும் எவ்வளவு கவனமாக இருந்தாலும் முழுதும் தவிர்க்கக்கூடியவை அல்ல. ஆயினும் காயம்பட்ட கிழங்கெல்லாம் அழுகிப்போவதில்லை என்பதையும், ஒரே வயலில் ஒரே நாளில் தோண்டிய கிழங்கு ஒருவர் வீட்டில் மூன்று மாதம் இருக்க, அடுத்த வீட்டில் பதினைந்து நாளில் நீர்விட்டு நாறிப்போகிறது என்பதையும் விவசாயிகள் அனைவரும் கண்டிருப்பார்கள். இந்த வித்தியாசத்துக்கு முக்கிய காரணம் தோண்டிய பின் வரும் முதல் பத்து நாட்களில் கிழங்குக்குக் கிடைத்த சூடும், ஈரமும், காற்றுமேயாகும்.

காயத்தின் மேல் எழும் இரண்டு அரண்கள்

செடியிலிருந்து பிரிந்த பின்னும் உருளைக்கிழங்கு உயிருள்ள பொருளாகவே இருந்து, சுவாசித்துக்கொண்டும், தன் மாவுப்பொருளைச் சிறிது சிறிதாகச் செலவழித்துக்கொண்டும் காலங்கழிக்கிறது. அதன் தோல், தக்கையைப் போன்ற மெல்லிய கண்ணறைகள் (செல்கள்) பல அடுக்காகச் சேர்ந்து அமைந்தது. அக்கண்ணறைகளின் சுவர்களில் சூபரின் என்னும் மெழுகு கலந்த பொருள் படிந்திருப்பதால்தான் உள்ளிருக்கும் நீர் வெளியே போகாமலும், வெளியிலிருக்கும் கிருமி உள்ளே வராமலும் இருக்கின்றன. அத்தோல் ஓரிடத்தில் அறுபட்டதும், சுவாசம் பன்மடங்கு வேகமடைந்து, அறுபட்ட இடத்தில் புதிய அரணொன்றை எழுப்பும் வேலை சில மணி நேரத்துக்குள்ளாகவே தொடங்கிவிடுகிறது.

இவ்வேலை இரண்டு கட்டங்களாக நடைபெறுகிறது. முதற்கட்டத்தில் புதிய கண்ணறை எதுவும் பிறப்பதில்லை. வெட்டுவாயை அடுத்து ஏற்கெனவே உயிரோடிருக்கும் கண்ணறைகளே தம் சுவர்களில் சூபரினைப் பூசிக்கொண்டு ஒரு மூடுபடலமாக ஆகின்றன. இரண்டாங்கட்டத்தில், அப்படலத்துக்கு அடியிலுள்ள கண்ணறைகள் மீண்டும் இளமை பெற்றுப் பிரிந்து பெருகி, செங்கல் வரிசைபோல் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய புதுத்தோலை உண்டாக்குகின்றன. முன்னது தற்காலிகமான காப்பு, பின்னதே நிலையானது. நடுத்தரமான சூட்டில் முன்னது ஏறக்குறைய ஒரு வாரத்தில் முடிவடையும். பின்னது முற்றுப்பெற மேலும் பல நாட்கள் பிடிக்கும்.

முதற்கட்டத்திலும் ஒரு வரிசைமுறை உண்டு. சூபரினில் பினாலிக் பொருள்களாலான பகுதி முதலில் படிகிறது. கொழுப்பினத்தைச் சேர்ந்த மெழுகுப் பகுதி அதன்பின் படிகிறது. அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்து ஃபார்கோ நகரில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி செய்த எட்வர்ட் லூலாய் என்பவர், டென்னிஸ் கோர்சினியுடன் சேர்ந்து 1998இல் வெளியிட்ட பரிசோதனை முடிவு, சேமிப்போருக்கு மிகவும் பிரயோஜனமானது. மென்னழுகலை உண்டாக்கும் பாக்டீரியாவை எதிர்த்து நிற்க பினாலிக் பகுதி படிந்தாலே போதும்; உலர் அழுகலை உண்டாக்கும் ஃப்யூசேரியம் என்ற பூஞ்சையோ, அதற்குப் பின்வரும் மெழுகுப் பகுதியும் படிந்தால் மட்டுமே தடைபடுகிறது. மூன்றாம் நாளில் காயம் காய்ந்துவிட்டதுபோல் தோன்றினாலும், உலர் அழுகலுக்கு வாயில் இன்னும் திறந்தே இருக்கிறதென்பதும், ஒரு வாரம் பொறுத்த பிறகே கிழங்கைக் கையாளலாமென்பதும் இதனால் விளங்கும்.

ஏவலிடும் ஹார்மோன்கள்

அறுபட்ட செய்தியை உயிரோடிருக்கும் கண்ணறைகளுக்கு யார் போய்ச் சொல்கிறார்கள் என்ற கேள்விக்கு முதன்முதலில் விடை தேடியவர் ஆஸ்திரிய நாட்டுத் தாவர சாஸ்திரி கோட்லீப் ஹேபர்லாண்ட். உருளைக்கிழங்கின் சிறு துண்டுகளில் உணவைக் கடத்தும் குழாய்த்திசு சேர்ந்திருந்தால் கண்ணறைகள் பிரிவதையும், அது இல்லாவிட்டால் பெரும்பாலும் பிரியாதிருப்பதையும் 1913இல் கண்டு, ஏதோவொரு பொருள் அங்கிருந்து கசிந்து கண்ணறைகளைத் தூண்டுகிறதென்று அவர் முடிவுகட்டினார். காயத்துக்கென்றே ஹார்மோன் உண்டென்ற கருத்து இப்பரிசோதனைகளிலிருந்தே வளர்ந்தது. ஒரே ஹார்மோனல்ல, பல ஹார்மோன்கள் தத்தம் முறை வந்தபோது வேலை செய்கின்றன என்பது பின்னால் வந்த ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று.

அவற்றுள் சூபரின் விஷயத்தில் தலைமை வகிப்பது அப்சிசிக் அமிலம். கேரளத்தில் பிறந்து அமெரிக்கா சென்று, மெழுகுப் பூச்சுகளைப் பற்றிய ஆராய்ச்சியில் பெரும்பெயர் பெற்ற பி. இ. கொலாட்டுக்குடி என்னும் உயிர்வேதியியல் அறிஞர், வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தம் சகாக்களுடன் செய்து 1978இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று இங்கே குறிப்பிடத்தக்கது. வெட்டிய உருளைக்கிழங்கு வில்லைகளைத் தொடக்க நாட்களில் நீரில் அலசினால் சூபரின் படிவது தடைபடுகிறதென்றும், அப்சிசிக் அமிலத்தைச் சேர்த்தால் அது தூண்டப்படுகிறதென்றும் அவர்கள் காட்டினார்கள். ஆய்வகத்து வில்லையும் வயலில் வெட்டுண்ட கிழங்கும் ஒன்றல்லவென்றாலும், புதுக்காயத்தைக் கழுவுவது நன்மையன்று என்னும் பழைய அனுபவத்துக்கு இது சாஸ்திர ஆதாரமாக நிற்கிறது.

முப்பது வருஷங்களுக்குப் பின், 2008இல், லூலாயும் ஜெஃப்ரி சட்டில் முதலிய அவருடைய சகாக்களும் இவ்விஷயத்தை மேலும் தெளிவுபடுத்தினார்கள். வெட்டுண்ட கிழங்கில் அப்சிசிக் அமிலம் முதல் ஒரு நாளில் குறைந்து, மூன்றாம் நாளிலிருந்து ஏறிச் செல்கிறது. புளூரிடோன் என்ற மருந்தால் அந்த ஏற்றத்தைத் தடுத்தால் சூபரின் படிவது பின்தங்கிக் காயத்தின் வழியாக நீர் அதிகமாக வெளியேறுகிறது. அப்சிசிக் அமிலத்தைப் புறத்திலிருந்து கொடுத்தால் அக்குறை நிவர்த்தியாகிறது.

காயம்பட்டவுடன் எத்திலீன் வாயுவும் ஜாஸ்மோனிக் அமிலமும் விரைவாகப் பெருகுவதைக் கண்டவர்கள், இவ்விரண்டுமே ஆறுவதற்குக் காரணமென்று நெடுநாள் எண்ணியிருந்தார்கள். எத்திலீன் உண்டாவதையும் அது செயற்படுவதையும் தடுத்த பின்னும் சூபரின் குறைவின்றிப் படிகிறதென்று 2004இலும், மூடுபடலம் தொடங்குவதற்கு ஜாஸ்மோனிக் அமிலம் அவசியமில்லையென்று 2011இலும் வெளியான பரிசோதனைகள் அந்த எண்ணத்தைத் திருத்தின. புதுத்தோலுக்கான கண்ணறைப் பிரிவினையின்போது ஆக்ஸின், சைட்டோகைனின் ஆகிய வளர்ச்சி ஹார்மோன்களின் அளவு மாறுவதும், முளையை நீட்டும் இயல்புடைய ஜிப்பரலின் காயத்தால் உண்டாகாமலிருப்பதும் 2016இல் தெரியவந்தன.

சேமிப்பவர் இவற்றிலிருந்து கொள்ளவேண்டியது இதுவே: முதல் நாளில் எச்சரிக்கை, அடுத்த நாட்களில் பூச்சு, அதன்பின் பெருக்கம் என்று கிழங்குக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. நாம் செய்யும் ஒவ்வொரு காரியமும், கழுவுவதாயினும், குளிரில் வைப்பதாயினும், மருந்தடிப்பதாயினும், லாரியில் ஏற்றுவதாயினும், அந்த ஒழுங்கின் எந்தக் கட்டத்தில் போய் விழுகிறதென்று பார்த்தே செய்யப்படவேண்டும்.

சூடு, ஈரம், காற்று

காயம் ஆறும் வேகம் சூட்டைப் பொறுத்தது. 20 டிகிரி செல்சியஸில் ஓரிரு நாளிலேயே தொடங்கிவிடும் சூபரின் படிவு, 10 டிகிரியில் பல நாள் தாமதமாகிறது. 5 டிகிரியிலோ புதுத்தோல் முற்ற வாரக்கணக்கில் ஆகும். மறுபுறம், 35 டிகிரியைத் தாண்டினால் ஆறும் வேலையே நின்றுவிடுகிறது. வெப்பம் ஏற ஏறக் காயம் விரைந்து ஆறுவது உண்மையாயினும், அழுகச் செய்யும் பாக்டீரியாவும் அதே வேகத்தில் பெருகுமாகையால், இரண்டுக்கும் நடுவே 12 முதல் 18 டிகிரி வரையுள்ள சூட்டைத் தேர்ந்துகொள்வது அறிவுடைமை.

இவ்விடத்தில் மாட்டுப்பட்டி, வட்டவடைப் பக்கத்து விவசாயிக்கு இயற்கையே ஒரு பேருதவி செய்திருக்கிறது. சமவெளியில் பெரும் பணச்செலவில் குளிரூட்டிச் சம்பாதிக்கவேண்டிய இந்தச் சீதோஷ்ணம் இங்கே வருஷத்தின் பெரும்பகுதியில் கூரை நிழலிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. மார்கழி, தை மாதங்களில் மட்டும் குண்டளை, செண்டுவரைப் பக்கங்களில் உறைபனி விழுமளவுக்கு இரவு குளிர்வதால், அப்போது தோண்டிய கிழங்கை வைக்கோலாலும் சாக்காலும் போர்த்தி, ஆறும் காலத்தை மேலும் ஒரு வாரம் நீட்டிக்கொள்ள வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஆபத்து லாரியில் இருக்கிறது. காலையில் தோண்டிய கிழங்கு மாலையில் போடிமெட்டு வழியாகத் தேனிச் சமவெளிக்கு இறங்கும்போது, சில மணி நேரத்துக்குள் இதமான மலைக்காற்றிலிருந்து கோடையின் கடும் வெப்பத்துக்குள் புகுகிறது. அரண் எழும்பாத காயம், வேலை நின்றுபோன கண்ணறைகள், மூட்டைக்குள் புழுங்கும் ஈரம் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தால் மண்டியில் மூட்டை அவிழ்க்கும்போதே நாற்றமடிப்பதில் வியப்பில்லை. விலை எவ்வளவு அவசரப்படுத்தினாலும், குறைந்தது ஒரு வாரமாவது மலையிலேயே ஆறவிட்டு இறக்குவது சேதத்தைப் பெரிதும் குறைக்கும்.

ஈரத்தைப் பற்றிய தவறான எண்ணங்கள் அதிகம். காயம் காய வேண்டுமென்று வெயிலில் பரப்புவோர் உண்டு. அப்படிச் செய்தால் வெட்டுவாயிலுள்ள கண்ணறைகள் சூபரினைப் பூசிக்கொள்ளும் முன்பே நீரிழந்து செத்து, மேலே வெண்சுண்ணம் போன்ற மாவுப்படிவு மட்டும் மிஞ்சும். அது வெடித்த இடுக்கின் வழியாகக் கிருமி தாராளமாக உட்புகும். வெயில் பட்ட கிழங்கு பச்சையாகிக் கசப்பதும், காயமும் வெளிச்சமும் சோலனின் முதலிய நச்சுப்பொருள்களைக் கூட்டுவதும், சமைத்தாலும் அவை முற்றும் போகாமலிருப்பதும் தனிக் கேடுகள். ஆகையால் காற்றின் ஈரப்பதம் 85 முதல் 95 சதவீதம் வரை இருக்கவேண்டும். ஆனால் கிழங்கின் மேல் நீர் திரையாக நிற்கக்கூடாது. அந்த நீர்த்திரை பிராணவாயுவைத் தடுத்துவிடும். பிராணவாயு இல்லாவிடத்தில் சூபரின் படியாது, மென்னழுகல் பாக்டீரியாவோ அங்கேதான் செழிக்கும்.

செய்முறை

1. தோண்டுவதற்கு 10 முதல் 15 நாட்களுக்கு முன் தழையை அடியோடு அறுத்துவிடுக. பெருவிரலால் தேய்த்தும் தோல் உரியாத பதத்துக்கு வந்த பிறகே தோண்டுக.

2. மண் சேறாக இருக்கும்போதும், விடியற்காலைக் குளிரிலும் தோண்டவேண்டாம். குளிர்ந்த கிழங்கு சிறு அடிக்கும் உள்ளே கன்றிப்போகும். வெயில் ஏறி மண் சற்றுச் சூடான பிறகு தோண்டினால் அடி குறைவாகப்படும்.

3. கூடையிலிருந்து அரை அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து கொட்டலாகாது. வெட்டுண்டவற்றை அங்கேயே தனியாகப் பொறுக்கி, முதலில் சமையலுக்கோ விற்பனைக்கோ ஒதுக்குக. மீதிக் குவியலோடு அவற்றைக் கலக்கவேண்டாம்.

4. ஒட்டிய மண்ணைக் கையால் உதிர்த்தால் போதும். கழுவுவது விற்கும் நாளுக்கு முன்தினம் செய்யவேண்டிய வேலை.

5. கூரையுள்ள, இருட்டான, காற்றோட்டமான இடத்தில் மூங்கில் தட்டியோ பலகையோ பரப்பி, அதன்மேல் மூன்று அடி உயரத்துக்கு மிகாமல் குவித்து, உலர்ந்த புல்லாலோ சணல் சாக்காலோ மூடுக. பாலித்தீன் தாள் அடியிலும் வேண்டாம், மேலேயும் வேண்டாம். இரவில் அதன் உட்புறம் வியர்த்து நீர் சொட்டும்.

6. பத்து நாட்கள் குவியலைக் கிளறாதீர். ஈர நாற்றம் வந்தால் மட்டும் அவ்விடத்தைத் திறந்து அழுகியதை எடுத்தெறிந்து, சுற்றியிருப்பதைப் பரப்பிவிடுக.

7. பழுத்த வாழை, ஆப்பிள், பேஷன் புரூட் ஆகியவற்றை அதே அறையில் வைக்கவேண்டாம். இவை வெளிவிடும் எத்திலீன் காயம் ஆறுவதற்குத் தேவையில்லையென்று மேலே கண்டோம். அதோடு அது முளையைக் குட்டையாக்கி உருக்குலைக்க வல்லது. ஆப்பிளும் விளைகிற காந்தளூரில் விதைக்கிழங்கு வைப்போர் இதை முக்கியமாகக் கவனிக்கவேண்டும்.

8. நெடுநாள் வைக்கும் உணவுக் கிழங்கைக் குளிர்பதனக் கிடங்குக்கு அனுப்புவோர், முளையடக்கும் மருந்து எப்போது அடிக்கப்படுகிறதென்று கேட்டறிக. சி.ஐ.பி.சி. எனப்படும் குளோர்புரோபாம் கண்ணறைப் பிரிவினையைத் தடுத்தே முளையை அடக்குகிறது. புதுத்தோல் எழுவதற்கும் அதே பிரிவினைதான் வேண்டும். எனவே காயம் முற்றும் ஆறிய பின்பே அது பிரயோகிக்கத்தக்கது. விதைக்கிழங்குக்கு அதை அருகிலும் கொண்டுவரக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இம்மருந்தின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டதென்பதையும் வாசகர் அறிந்திருப்பது நல்லது.

விதைக்கிழங்கை வெட்டுவோருக்கு

விதைச் செலவைக் குறைக்கப் பெரிய கிழங்கை வெட்டி நடுவது, கிழங்குக்கு நாமே வேண்டுமென்று காயம் உண்டாக்குவதாகும். முட்டையளவுள்ள, ஏறக்குறைய 40 கிராம் எடைகொண்ட முழுக் கிழங்கு கிடைக்குமானால் வெட்டாமல் நடுவதே உத்தமம். பாக்டீரியா வாடல் கண்ட நிலத்திலிருந்து வந்த விதையை ஒருபோதும் வெட்டலாகாது. ஒரு நோய்க்கிழங்கை அறுத்த கத்தி அடுத்து அறுக்கும் கிழங்குகளுக்கெல்லாம் அந்நோயைக் கொண்டுசெல்லும்.

வெட்டியே தீரவேண்டுமானால், துண்டுக்கு இரண்டு மூன்று கண்ணாவது இருக்கும்படி நீளவாக்கில், கூரான கத்தியால் ஒரே இழுப்பில் வெட்டுக. மழுங்கிய கத்தி நசுக்கிக் கிழிக்கும். நசுங்கிய கண்ணறை சூபரினைப் பூசாது. இரண்டு கத்திகளை வைத்துக்கொண்டு, ஒன்று பிளீச்சிங் பவுடர் கரைசலில் கிடக்க மற்றொன்றால் வேலை செய்வது நல்ல பழக்கம். வெட்டிய துண்டுகளை ஒன்றிரண்டு அடுக்காக நிழலில் பரப்பி, ஈரச்சாக்கை மேலே படாமல் சுற்றிலும் தொங்கவிட்டு, நான்கைந்து நாட்கள் ஆறவைத்து நடுக. சாம்பல் தூவினால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கும். ஆனால் சாம்பல் தூவியவுடன் நட்டுவிடலாமென்று கருதுவது பிழை.

இன்னொன்றும் நினைவிற்கொள்ளத்தக்கது. கிழங்குக்கு வயது ஏற ஏறக் காயம் ஆற்றும் திறன் குறைகிறது. நெடுநாள் சேமித்த கிழங்கில், காயம்பட்ட பின் அப்சிசிக் அமிலம் புதுக்கிழங்கில் ஏறுமளவு ஏறுவதில்லையென்றும், அதைப் புறத்திலிருந்து கொடுத்தால் குறை ஓரளவு நீங்குகிறதென்றும் 2010இல் வெளியான ஆராய்ச்சியொன்று கூறுகிறது. அமிலத்தை வாங்கித் தெளிப்பது நம்மால் ஆகிற காரியமன்று. பழைய விதையை வெட்டும்போது ஆறவைக்கும் நாட்களைக் கூட்டிக்கொள்வதும், தோல் சுருங்கி முளை நீண்ட கிழங்கை வெட்டாமல் முழுதாகவே நடுவதும் நம்மால் ஆகும்.

ஆறியதை அறியும் சோதனை

தோண்டிய அன்றே ஒரு நல்ல கிழங்கை இரண்டாக அறுத்து, வெட்டுவாய் மேலே தெரியும்படி குவியலின் ஓரத்திலேயே புல்லுக்கடியில் வைத்துவிடுக. அறுத்த கணத்தில் கத்தியில் வெண்பால் ஒட்டும்; முகம் பளபளவென்று ஈரமாக இருக்கும். இரண்டாம் நாள் ஈரம் அடங்கியிருந்தாலும், நகத்தால் கீறினால் சாறு சட்டென்று கசியும். ஐந்தாறு நாட்களில் முகம் வெளிர்பழுப்பாகி, தொட்டால் பதப்படுத்திய தோலைப்போல் இருக்கும். மெல்லக் கீறினால் சாறு வராது. பத்து நாட்கள் கழிந்தபின் ஓரத்தைக் கத்திமுனையால் நெம்பினால், மெல்லிய ஏடொன்று தனியாகப் பெயர்ந்து வருவதைக் காணலாம். அவ்வேடு வந்துவிட்டதென்றால் குவியலிலுள்ள மற்றக் காயங்களும் அதேயளவு ஆறியிருக்குமென்று கொண்டு, மூட்டை கட்டத் தொடங்கலாம். பத்தாம் நாளிலும் முகம் பிசுபிசுத்தால் ஈரம் மிகுதி, சுண்ணம்போல் வெளுத்து வெடித்திருந்தால் காற்று வறட்சி என்று அறிந்து, முன்னதற்குக் காற்றோட்டத்தையும் பின்னதற்குப் போர்வையையும் கூட்டி, மேலும் ஐந்து நாட்கள் பொறுத்து, வேறொரு கிழங்கை அறுத்துவைத்து மறுபடியும் சோதித்துக்கொள்க.